இலையில் இல்லாதது

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், முதல் நாள் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவியரங்கத்துக்கும் இரவு விருந்துக்கும் இடையில் ஒரு மருத்துவனுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அவனோ குடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறான். இதிலுள்ள இடர்ப்பாட்டை நான் அறியாமல் இல்லை. ஆயினும் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். அதற்கான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

நம் வட்டத்தின் மூன்றாம் ஆண்டில், ஒரு மாதக் கூட்டத்தில், தாய் வீட்டுச் சோற்றைப் பற்றி ஒரு கவிதை படித்தேன். மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கக்கூடும். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னீர்கள், படித்தேன். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான். விழா மலருக்கு அந்தக் கவிதையைத் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டார்கள். தர இயலாது என்று மறுத்துவிட்டேன். அடக்கத்தால் மறுத்ததாகச் சிலர் எண்ணிக்கொண்டார்கள். உண்மை அதுவன்று. அந்தக் கவிதையில் ஒரு பிழை இருக்கிறது. யாப்புப் பிழையோ சொற்பிழையோ அன்று, மருத்துவப் பிழை. அதை எழுதியவன் மருத்துவன் என்பதால் அது இரு மடங்கு பிழை. கவிதைக்கு மாற்றாக இந்த உரையை மலருக்குத் தருகிறேன்.

கவிதைக்குக் காரணமானவள் என் அக்காள் மகள். அவள் இசைவோடுதான் இதைப் பேசுகிறேன். இருபத்து நான்காம் வயதில் மணமாகித் தில்லிக்குப் போனாள். அங்கே இரு வேளை சப்பாத்தி. மூன்றாம் வேளை பெரும்பாலும் ரொட்டித் துண்டு. போன ஓராண்டுக்குள் இளைத்தாள். வயிறு உப்புசம், அவ்வப்போது பேதி, வாய்ப்புண், எப்போதும் சோர்வு. இரத்தச்சோகை என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள்; ஏறவில்லை. ஊசியாகப் போட்டார்கள்; ஏறி, மீண்டும் இறங்கியது. இரு முறை கரு தங்கி, இரு முறையும் கலைந்தது. ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டாள். "மாமா, என்ன சாப்பிடட்டும்?" என்று கேட்டாள். நான் சொன்ன மறுமொழியை இப்போது உங்கள் முன் சொல்வதற்கு நாணுகிறேன். அரிசியைக் குறைத்துக் கொள்ளச் சொன்னேன். காலையில் கோதுமைக் கஞ்சி குடிக்கச் சொன்னேன். கோதுமையில்தான் வலு இருக்கிறது என்று சொன்னேன்.

தமிழ்நாட்டில் யார்தான் அப்படிச் சொல்லமாட்டார்கள்? காய்ச்சல்காரனுக்கு ரொட்டி, நீரிழிவுக்காரனுக்குச் சப்பாத்தி, பிள்ளை பெற்றவளுக்குக் கோதுமைக் கஞ்சி, விரதக்காரனுக்கு ரவை உப்புமா. அரிசி நமக்கு உணவு. கோதுமை நமக்குப் பத்தியம். அந்தப் பத்தியத்தையே நஞ்சாகக் கொள்ளும் உடம்பு ஒன்று உண்டு என்பதைப் பாடநூலில் ஒரு பத்தியாகப் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். என் வீட்டுப் பெண்ணின் உடம்பில் அது வந்து நிற்கும் என்று எண்ணவில்லை.

இரண்டாம் கரு கலைந்தபின் அக்காள் அவளை ஊருக்கு அழைத்து வந்தார். நாற்பது நாள் இருந்தாள். இட்டலி, சோறு, குழம்பு, மோர். பேதி நின்றது. முகத்தில் தெளிவு வந்தது. மூன்று கிலோ எடை கூடியது. நான் அதைப் பார்த்தேன், நாள்தோறும் பார்த்தேன். பார்த்து, தாயின் கைப்பக்குவம் என்று முடிவு கட்டினேன். அன்பு செய்யாததை மருந்து செய்யுமா என்று கேட்டு ஒரு கவிதையும் எழுதினேன். நீங்கள் கைதட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில் அவள் மீண்டும் தில்லிக்கு இரயில் ஏறிவிட்டாள்.

இதை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, குடலுக்கு வருகிறேன்.

நம் மொழி வயிற்றை வெறும் உணவுப் பையாகக் கருதியதில்லை. அச்சம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பொறாமையில் வயிறு எரிகிறது. நல்ல செய்தி வயிற்றில் பாலை வார்க்கிறது. பிழைப்பைக் கெடுப்பவன் வயிற்றில் அடிக்கிறான். தாயின் துயரத்தைச் சொல்ல வரும்போது நெஞ்சையும் தாண்டிப் பெற்ற வயிறு என்கிறோம். அகடு, மோடு, உதரம் என்று பெயர்களும் பல. இவ்வளவு சொல்லியிருக்கும் மொழிக்கு, குடல் என்பது உடம்பின் எல்லைக் காவல் என்று நான் சொன்னால் வியப்பு இராது என்று நம்புகிறேன்.

வாயிலிருந்து எருவாய் வரை செல்லும் அந்தக் குழாயின் உட்புறம், உண்மையில் உடம்புக்கு வெளிப்புறம். நாம் விழுங்கிய சோறு குடலுக்குள் இருக்கும்வரை இன்னும் நமக்குள் வரவில்லை. குடலின் உட்சுவரைக் கடந்தால்தான் அது நாம் ஆகிறது. அந்தச் சுவர் ஒரே ஓர் உயிரணு வரிசையின் தடிப்புடையது. சில நாட்களுக்கு ஒருமுறை அந்த வரிசை முழுவதும் உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. சிறுகுடலில் அது விரல் விரலாக எழுந்து நிற்கும். பள்ளிப் பாடநூல்களில் குடலுறிஞ்சிகள் என்று படித்திருப்பீர்கள். நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் நாற்றைப் போல என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். அதைவிட நல்ல உவமை எனக்கும் தோன்றவில்லை. குடற்பரப்பை விரித்தால் ஒரு டென்னிஸ் ஆடுகளம் அளவு வரும் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2014இல் இரண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் முறையாக அளந்து, ஏறத்தாழ 32 சதுர மீட்டர்தான், அதாவது பாதி பூப்பந்தாட்டக் களம்தான் என்றார்கள். அதைப் போலவே, உடம்பில் நம் உயிரணுக்களைவிடப் பாக்டீரியாக்கள் பத்து மடங்கு என்று சொல்லப்பட்டதும் 2016இல் திருத்தப்பட்டது. இரண்டும் ஏறத்தாழச் சமம். 30 இலட்சம் கோடி உயிரணுக்கள், 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள். மிகையை உங்கள் தொழில் என்று எண்ணியிருந்தேன். எங்களிடமும் நிறைய உண்டு.

அந்தப் பாதிக் களம்தான், வெளியிலிருந்து வரும் பொருளை உடம்பு நேருக்கு நேர் சந்திக்கும் மிகப் பெரிய இடங்களில் ஒன்று. ஆகவே நம் எதிர்ப்பாற்றல் படையின் ஒரு பெரும் பிரிவு அங்கே பாசறை அமைத்திருக்கிறது. அதன் வேலை கடினமானது. உணவை விடவேண்டும்; கிருமியைத் தடுக்கவேண்டும்; குடலுக்குள் குடியிருக்கும் நட்புப் பாக்டீரியாக்களைக் கண்டும் காணாமல் இருக்கவேண்டும். எதிர்ப்பதைவிடப் பொறுத்துக்கொள்வதற்கே அந்தப் படைக்கு மிகுதியான பயிற்சி தேவைப்படுகிறது.

உடம்பு தன்னைத்தானே தாக்காது என்று மருத்துவ உலகம் அரை நூற்றாண்டு நம்பியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்மானிய அறிஞர் பால் எர்லிக், தனக்குத்தானே நஞ்சாவதில் உடம்புக்குப் பேரச்சம் உண்டு என்று இலத்தீனில் ஒரு தொடரையே ஆக்கி வைத்தார். தொடர் அழகாக இருந்ததால் யாரும் ஐயுறவில்லை. 1904இலேயே அதற்கு எதிரான சான்று கிடைத்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1956இல் இலண்டனிலும் அமெரிக்காவிலும் தைராய்டு சுரப்பியை உடம்பே தாக்குவது தெளிவாகக் காட்டப்பட்ட பிறகுதான் அந்த நம்பிக்கை உடைந்தது. தன்னுடல் தாக்கு நோய்கள் என்று இன்று நாம் சொல்லும் வரிசை அதன்பின் நீண்டது. முடக்குவாதம், இளம் வயது நீரிழிவு, லூபஸ், தைராய்டு அழற்சி என்று பல. இவற்றுள் பெரும்பாலானவற்றில் உடம்பு ஏன் தன்மேல் திரும்பியது என்பதற்கு விடை இல்லை. ஒன்றே ஒன்றில் மட்டும் விடை இருக்கிறது. அந்த விடை குடலில் கிடைத்தது.

அதன் பெயர் சீலியாக் நோய். பெயருக்கு ஒரு பொருளும் இல்லை. கிரேக்க மொழியில் வயிறு என்பதற்கு உரிய சொல், அவ்வளவே. கப்படோசியா நாட்டு அரெட்டேயஸ் என்ற மருத்துவர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இதைப் போன்ற ஒரு நோயை எழுதிவைத்தார். 1887இல் இலண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் ஜீ ஆற்றிய உரைதான் இன்றைய மருத்துவத்தில் இதன் தொடக்கம். வயிறு பருத்து, கை கால் சூம்பி, ஓயாப் பேதியில் மெலியும் குழந்தைகளைப் பற்றி அவர் பேசினார். குணம் என்று ஒன்று இருந்தால் அது உணவு வழியாகத்தான் என்றும் சொன்னார். அந்த உரையில் ஒரு குழந்தை வருகிறது. நாள்தோறும் ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று மேல், ஆலந்து நாட்டுக் கடற்சிப்பியை உண்ட குழந்தை. அது நன்றாகத் தேறியது. சிப்பிப் பருவம் முடிந்ததும் மறுபடி நோயில் விழுந்தது. அடுத்த பருவத்தில் அதே உணவை அக்குழந்தை தொட மறுத்துவிட்டது. பாவம், யார்தான் தொடுவார்கள்? ஜீ சிப்பியைப் பார்த்தார். சிப்பியால் வயிறு நிறைந்த குழந்தை எதை உண்ணாமல் விட்டது என்று பார்க்கவில்லை.

1924இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழத்தைக் கண்டார். ரொட்டி, பிஸ்கோத்து, உருளைக்கிழங்கு, தானியம் எல்லாவற்றையும் நிறுத்தி வாழைப்பழத்தை முதன்மை உணவாகக் கொடுத்தார். குழந்தைகள் பிழைத்தன. வாழைப்பழத்தில் ஏதோ அற்புதம் இருக்கிறது என்று அவர் நம்பினார், உலகமும் நம்பியது. ஒரு தலைமுறைக் குழந்தைகள் வாழைப்பழக் குழந்தைகள் என்றே அழைக்கப்பட்டார்கள். அந்தப் பழத்தால் உயிர்கள் காக்கப்பட்டன என்பது மெய். ஆனால் பழம் காக்கவில்லை. பிற்காலத்தில் உண்மைக் காரணம் வெளிவந்தபோதும் ஹாஸ் தம் வாழைப்பழத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அவரை நகைக்க எனக்கு உரிமை இல்லை. என் கைவசம் ஒரு கவிதை இருக்கிறது.

இலையில் இருந்ததை விட்டு, இல்லாததைப் பார்த்தவர் ஒருவர். வில்லெம் கரெல் டிக்கே. 1905இல் பிறந்த டச்சுக் குழந்தை மருத்துவர். 1936இலேயே, முப்பத்தொன்றாம் வயதில், ஹேக் நகரத்து ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைவரானார். அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை பஞ்சத்தைப் பற்றியது. 1944 இலையுதிர் காலத்தில் டச்சு இரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செர்மானியப் படை உணவுப் போக்குவரத்தை அடைத்தது. அந்தக் குளிர்காலத்தில் மேற்கு நெதர்லாந்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் பட்டினியால் மாண்டார்கள். மக்கள் துலிப் மலர்க் கிழங்கைத் தோண்டி அவித்துத் தின்றார்கள். ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது மருத்துவமனையில் இருந்த சீலியாக் குழந்தைகள் மட்டும் மோசமாகவில்லை, தேறினார்கள். ரொட்டி மீண்டும் வந்தது. ஊர் பிழைத்தது. அந்தக் குழந்தைகள் மறுபடி நோயில் விழுந்தார்கள்.

கதை இவ்வளவு கச்சிதமாக இருப்பதால் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது. டிக்கே பஞ்சத்தில் கண்டுபிடிக்கவில்லை. போருக்கு முன்பே அவருக்குக் கோதுமையின் மேல் ஐயம் இருந்தது. 1941இலேயே ரொட்டியை விலக்கிய உணவு முறை பற்றி எழுதியிருக்கிறார். பஞ்சம் அவருடைய ஐயத்துக்குச் சாட்சி சொன்னது, அவ்வளவுதான். போர் முடிந்தபின் அவர் செய்த வேலைதான் பெரிது. குழந்தைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் ஆண்டுக் கணக்கில் பார்த்தார். வான் டெ காமர் என்ற வேதியியலாளர் மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளக்க ஒரு முறை வகுத்துத் தந்தார். வைய்யர்ஸ் என்ற மருத்துவரும் உடனிருந்தார். ஆம், மலத்தைத்தான் நாள் தவறாமல் நிறுத்துக் குறித்தார்கள். கோதுமை கொடுத்தால் கொழுப்பு ஏறும், நிறுத்தினால் இறங்கும். கோதுமை மாவின் மாப்பொருளில் குற்றமில்லை, பிசையும்போது இழுபடும் அந்தப் பசைப் புரதத்தில்தான், குளூட்டனில்தான், குற்றம் என்பது வெளிவந்தது. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வேடு ஏற்கப்பட்டது. 1962இல் ஐம்பத்தேழு வயதில் மறைந்தார்.

அவருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. கோதுமை எப்படிக் கெடுக்கிறது? 1954இல் இங்கிலாந்தில் பாலி என்பவர் இந்நோயாளிகளின் குடலைப் பார்த்தபோது அந்த நாற்றங்கால் இல்லை. அறுவடைக்குப் பின்னான வயல்போல் மொட்டையாகக் கிடந்தது. உறிஞ்ச விரல் இல்லாத குடலில் இரும்பு எங்கிருந்து ஏறும்? என் அக்காள் மகளுக்கு நான் தேர்ந்தெடுத்து அனுப்பிய மாத்திரைகள் எல்லாம் பாறைமேல் பெய்த மழையாகப் போனதன் காரணம் இதுதான்.

மொட்டையடித்தது கோதுமை அன்று, அவளுடைய படையேதான். இதைச் சற்று விளக்க வேண்டும். குளூட்டனில் உள்ள சில துண்டுகளை மனிதச் செரிமான நொதிகளால் முழுதாக வெட்ட முடிவதில்லை. யாருடைய வயிற்றிலும் முடிவதில்லை. வெட்டுப்படாத துண்டு குடற்சுவரைத் தாண்டி உள்ளே போகும்போது, காயம் ஆற்றுவதற்கென்று நம் திசுக்களில் இருக்கும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அதைத் தொட்டு, ஒரு சிறு மாற்றம் செய்துவிடுகிறது. பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் பிறவியிலேயே டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபுக் குறி உடையவர்களில் சிலருக்கு, மாறிய அந்தத் துண்டு பூட்டுக்குச் சாவிபோல் பொருந்துகிறது. காவல் படை அதைப் பகை என்று கொள்கிறது. பகையோடு ஒட்டியிருந்த நொதியையும் பகை என்று கொள்கிறது. காயம் ஆற்ற வந்த நொதிக்கு எதிராகவே உடம்பு ஆயுதம் வார்க்கிறது. அந்த நொதிதான் இலக்கு என்பதை 1997இல் பெர்லினில் கண்டார்கள். இன்று இந்நோயைக் கண்டறியும் இரத்தச் சோதனை அந்த எதிர்ப்புப் பொருளைத்தான் தேடுகிறது.

ஆகவே இதை ஒவ்வாமை என்று சொல்வது பொருந்தாது. இது தன்னுடல் தாக்கு நோய். அந்த வரிசையில் உள்ள மற்றவற்றுக்கு இல்லாத ஒரு பேறு இதற்கு உண்டு. தூண்டும் பொருளை நீக்கினால் போர் ஓய்கிறது. எதிர்ப்புப் பொருள் மறைகிறது. நாற்று மீண்டும் எழுகிறது.

தில்லிக்குத் திரும்பியவள் அடுத்த குளிர்காலத்தில் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். அங்கே ஓர் இளம் மருத்துவர், முப்பது வயதுகூட இராது, அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஊருக்குப் போனால் என்ன சாப்பிடுவீர்கள்?" இரத்தச் சோதனை, குடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை இரண்டும் ஒரே வாரத்தில் முடிந்தன. அவள் எனக்குத்தான் முதலில் பேசினாள். "மாமா, எல்லாம் கோதுமையால வந்ததாம்" என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. வியப்புதான் இருந்தது. நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை.

திருக்குறளில் மருந்து என்றோர் அதிகாரம் இருப்பது இந்த அவைக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதன்று. பத்துக் குறளில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. பெரும்பகுதி உண்ணும் முறையைத்தான் பேசுகிறது. அதில் நோயின் முதலை நாடச் சொல்லும் குறளைச் சட்டமிட்டு என் மருத்துவ அறையில் மாட்டியிருந்தேன். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் கோதுமைக் கஞ்சியைச் சொன்னேன்.

என் பிழைக்கு ஒரு சமாதானம் உண்டு. அது ஓரளவு உண்மையும்கூட. இந்தியாவில் ஏறத்தாழ 23,000 பேரைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இந்நோய் இருந்தது; தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர்தான். மரபுக் குறியோ இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். நூற்றுக்கு முப்பத்தைந்து பேருக்கு மேல். வேறுபட்டது தட்டு. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை உண்கிறார்; தெற்கில் 25 கிராம். நம்மிடம் நோய் இல்லை என்பது பொருளன்று. நோய்க்குரிய நிலம் இருக்கிறது, விதை குறைவாக விழுந்தது. இனியும் குறைவாகவே விழும் என்று சொல்ல இயலுமா? நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் பரோட்டாக் கடை எத்தனை, இன்று எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் நிலமும் விதையும் மட்டும் போதா. குறி உடையவர்கள் நூற்றுக்கு முப்பது நாற்பது பேர். அவர்கள் எல்லாரும் கோதுமை உண்டாலும் நோய் வருவது சிலருக்கே. பின்லாந்தையும் எல்லைக்கு அப்பாலுள்ள உருசியக் கரேலியாவையும் ஒப்பிட்டார்கள். இரு பக்கத்தாரும் மரபில் நெருங்கியவர்கள். இரு பக்கமும் கோதுமை உண்டு. பின்லாந்துக் குழந்தைகளில் 107 பேருக்கு ஒருவருக்கு இந்நோய். கரேலியாவில் 496 பேருக்கு ஒருவருக்கு. இளம் வயது நீரிழிவும் அவ்வாறே பின்லாந்தில் ஏறத்தாழ ஆறு மடங்கு. கரேலியா ஏழைப் பகுதி. குழந்தைகள் மண்ணோடும் கிருமியோடும் வளர்பவர்கள். அவர்களுடைய குடலில் குடியேறிய பாக்டீரியாக் கூட்டம் வேறு. காவல் படைக்குச் சிறுவயதில் கிடைத்த பயிற்சியும் வேறு என்று ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். ஐயம்தான்; தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை.

இந்த ஐயத்திலிருந்துதான் ஒரு பெரிய வணிகம் கிளைத்திருக்கிறது. அதைப் பற்றி நான் பேசாமல் போனால் இன்று வந்ததில் பயனில்லை. நம் வட்டத்து மூத்த கவிஞர் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், முடக்குவாதத்துக்கு மருந்து உண்டு வந்தவர். எல்லா நோயும் ஒழுகும் குடலிலிருந்தே வருகிறது என்று எங்கோ படித்துவிட்டு, மாத்திரைகளை நிறுத்தி, குடலைத் தூய்மை செய்யும் பொடி ஒன்றை நான்கு மாதம் உண்டார். இன்று அவரால் பேனா பிடிக்க முடிவதில்லை, மகள் எழுதிக்கொடுக்கிறாள். குடற்சுவரின் இணைப்புகள் தளர்வது மெய். அலெசியோ ஃபசானோ என்ற அறிஞர் 2000ஆம் ஆண்டில் அதற்குரிய ஒரு புரதத்தையும் சொன்னார். ஆனால் அந்தத் தளர்வு நோய்க்குக் காரணமா, விளைவா என்பது பல நோய்களில் இன்னும் தெளிவில்லை. இணைப்பை இறுக்குவதற்கென்று ஆக்கிய ஒரு மருந்தின் சீலியாக் சோதனை இறுதிக் கட்டம் வரை வந்து 2022இல் கைவிடப்பட்டது. முடக்குவாதம் புதிதாகத் தொடங்கியவர்களின் குடலில் ஒரு வகைப் பாக்டீரியா மிகுந்திருப்பதை 2013இல் நியூயார்க்கில் கண்டார்கள். மிகுந்திருக்கிறது என்பது வேறு. அதனால்தான் வந்தது என்பது வேறு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாரும் காயும் மோரும் பழைய சோறும் நல்ல உணவுகள். ஆறிய சோற்றில் செரிக்காமல் எஞ்சும் மாப்பொருளைப் பாக்டீரியாக்கள் உண்டு, குடலுக்கு நன்மை தரும் அமிலங்களை ஆக்குகின்றன. உண்ணுங்கள். ஆனால் அவற்றை உண்டுவிட்டு மூட்டுக்கான மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இதைக் கேட்டுவிட்டு நாளை முதல் யாரும் தாமாகவே கோதுமையை நிறுத்தவேண்டா. நிறுத்தியபின் இரத்தச் சோதனை செய்தால் எதிர்ப்புப் பொருள் மறைந்திருக்கும். நோய் இருந்தாலும் இல்லை என்று வரும். காரணம் தெரியாத இரத்தச்சோகை, தேறாத பேதி, எலும்புத் தேய்வு, திரும்பத் திரும்பக் கருக்கலைவு, இளம் வயது நீரிழிவு அல்லது தைராய்டு அழற்சி உடையவர்களின் வயிற்றுத் தொல்லை, இவை இருந்தால் உண்டுகொண்டிருக்கும்போதே சோதனை செய்யவேண்டும்.

என் அக்காள் மகள் ஆறு ஆண்டுகளாகக் கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றையும் தொடுவதில்லை. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை எல்லாம் அவளுக்கு ஆகும். குடல் தேறிவிட்டது. இரத்தம் ஏறிவிட்டது. தைராய்டு தேறவில்லை. அதையும் உடம்பு தாக்கியிருந்தது இடையில் தெரியவந்தது. காலையில் ஒரு மாத்திரை வாழ்நாள் முழுதும். சீலியாக் உள்ளவர்களிடம் அது மிகுதியாகக் காணப்படுவதுதான். முன்பே கண்டுபிடித்திருந்தால் அது வராமல் இருந்திருக்குமா என்று ஒருநாள் கேட்டாள். உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். அது மருத்துவ உண்மைதான். இருந்தாலும் அந்த மறுமொழிக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டது போலவே எனக்குத் தோன்றியது. நான்கு வயதில் ஒரு மகன் இருக்கிறான். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்று. அவனையும் சோதித்து வருகிறோம்.

வீட்டில் கோதுமையை விலக்குவது எளிது என்று எண்ணினோம். சேமியாவும் ரவையும் மைதாவும் கண்ணுக்குத் தெரிபவை. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது என்பதும் தெரியும். நோயாளிக்குக் கொடுக்கும் மால்ட் பானங்களில் பார்லி இருப்பதைப் புட்டியைத் திருப்பிப் படித்துத் தெரிந்துகொண்டோம். இந்நோயாளிக்குரிய உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. இத்தனைக்குப் பின்னும் எட்டு மாதம் அவளுடைய எதிர்ப்புப் பொருள் குறையவே இல்லை. சாம்பாரில் இருந்தது. ரசத்தில் இருந்தது. மோரில் இருந்தது. கூட்டுப் பெருங்காயத்தில், பிசினைக் கட்டுப்படுத்தக் கோதுமை மாவையோ மைதாவையோ சேர்க்கிறார்கள். அக்காள் தம் கையால் அன்போடு பொடித்துப் போட்ட பெருங்காயம். என் கவிதையில் அந்தப் பெருங்காய மணத்துக்குத் தனியாக நான்கு வரிகள் ஒதுக்கியிருந்தேன்.

அவள் இன்று குடும்பத்தோடு வந்திருக்கிறாள். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். இரவு விருந்துக்குச் சமைப்பவரைக் காலையிலேயே போய்ப் பார்த்தேன். அவர் முதலில் என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு டப்பாவைத் தேடி எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்புறத்தில் அச்சிட்டிருந்ததை எனக்கே வாசித்துக் காட்டினார். மைதா என்று இருந்தது. இன்றைய சாம்பாரிலும் ரசத்திலும் பெருங்காயம் இராது. ருசியில் குறை தெரிந்தால் சமையற்காரரைக் குறை சொல்லாதீர்கள். பாயசம் சேமியாவாக இருந்தது; பாசிப்பருப்புக்கு மாற்றியிருக்கிறார்.